ரோமில் குடும்பத்தோடு மதியச் சாப்பாடு: முதல்முறை போகிறவர்களுக்கு

ரோமில் இறங்கிய முதல் நாள் எங்களுக்கு மதியச் சாப்பாடு கிடைக்கவில்லை. கொலோசியத்தை ஆற அமரப் பார்த்துவிட்டு மூன்றேகால் மணிக்கு ஒரு கடை வாசலில் போய் நின்றோம். உள்ளே நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா, அம்மா, மனைவி, ஏழு வயது மகள், நான் என ஐந்து பேரும் தெருமுனையில் கத்தரித்து விற்கும் பீட்சாத் துண்டை நின்றபடியே சாப்பிட்டோம். மறுநாள் விசாரித்து ஒழுங்காகச் செய்தோம். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

1. கடையைத் தேர்ந்தெடுப்பது

நீங்கள் தேட வேண்டியது ட்ராட்டோரியா. பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும் சின்னச் சாப்பாட்டுக்கடை. பத்துப் பதினைந்து மேசை, மேசை மேல் காகித விரிப்பு, கையால் எழுதிய பட்டியல். வாசலில் ஆள் நின்று கூப்பிட்டால், பட்டியலில் சாப்பாட்டுப் படங்கள் இருந்தால், நிற்காமல் நடையைக் கட்டுங்கள்.

நாங்கள் போனது டெஸ்டாச்சோ பகுதிக்கு. மெட்ரோவில் பி பாதையில் பிரமிதே நிறுத்தத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். நகரத்தின் பெரிய கசாப்புக்கூடம் 1975 வரை அங்கேதான் இருந்தது. நல்ல கறி வசதியானவர்களுக்குப் போக, மிஞ்சிய குடல், வால், ஈரல் எல்லாம் தொழிலாளிகள் வீட்டுக்கு வந்தன. அதிலிருந்து வளர்ந்த சமையலுக்கு அங்கே 'ஐந்தாவது கால்பங்கு' என்றே பெயர். குடல் குழம்பை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர்ப் பட்டியல் அந்நியமாகத் தெரியாது. ஆனால் அங்கே குடலும் வாலும் மாட்டினுடையவை.

2. நேரமும் இடம் சொல்லி வைப்பதும்

மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்குத் தொடங்கும். இரண்டரை, மிஞ்சிப்போனால் மூன்றுக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். அப்புறம் சாயந்திரம் ஏழு, ஏழரைக்குத்தான் கதவு திறக்கும். ஞாயிறு மதியம் உள்ளூர்க் குடும்பங்களே பாட்டி, பேரன் சகிதம் நிறைந்துவிடுவார்கள். முந்தின நாளே போய் "ஊன் தாவொலோ பெர் சிங்க்வே" என்று சொல்லி வையுங்கள். ஐந்து பேருக்கு ஒரு மேசை என்று அர்த்தம். ஆகஸ்ட் நடுவில் போகிறவர்கள் கடை திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அது ஊரே விடுமுறைக்குக் கிளம்பும் சமயம்.

3. உட்கார்ந்தவுடன்

தண்ணீர் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். சாதாரணத் தண்ணீர் நதுராலே, கேஸ் அடைத்தது ஃப்ரிட்ஸாந்தே. இரண்டுக்குமே காசு. ரொட்டிக் கூடையும் தானாக வரும், அதற்கும் காசு. மற்ற ஊர்களில் உட்கார்ந்ததற்கே ஆளுக்கு இவ்வளவு என்று 'கொபேர்தோ' போடுவார்கள். ரோம் இருக்கும் லாட்ஸியோ மாநிலத்தில் 2006-ல் சட்டம் போட்டு அதைத் தடுத்துவிட்டார்கள். அதனால் பில்லில் 'பானே', அதாவது ரொட்டி, என்று வரும். ரொட்டியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

4. பட்டியலைப் படிப்பது

இங்கேதான் முதல்முறை போகிறவர்கள் தடுமாறுகிறார்கள். பட்டியல் ஐந்து பகுதியாக இருக்கும். முன்பசிக்கு அன்டிபாஸ்தி, பாஸ்தாவும் சூப்பும் ப்ரீமி, கறியும் மீனும் செகோந்தி, காய்கறி கொன்தோர்னி, இனிப்பு தோல்ச்சி. எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. செகோந்தி கேட்டால் தட்டில் கறி மட்டும் வரும். பக்கத்துக்குக் கீரையோ உருளைக்கிழங்கோ வேண்டுமானால் தனியாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் கணக்கு இதுதான்: பெரியவர்கள் ஆளுக்கு ஒரு பாஸ்தா, நடுவில் பகிர ஒரு கறி, இரண்டு காய்கறி. மகளுக்கு 'மெட்ஸா போர்ஸியோனே', பாதி அளவு, வெறும் தக்காளிச் சாறு போட்டது. கேட்டால் தருவார்கள்.

ரோமின் நான்கு பாஸ்தாக்களும் அக்கா தங்கைகள் மாதிரி. பெக்கொரீனோ என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸும் மிளகும் சேர்ந்தால் காச்சோ ஏ பேப்பே. அதில் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்னக் கறியைச் சேர்த்தால் க்ரீச்சா. க்ரீச்சாவில் தக்காளி விழுந்தால் அமத்ரிச்சானா, முட்டை விழுந்தால் கார்பொனாரா. கார்பொனாராவில் க்ரீம் ஊற்றும் வழக்கம் அங்கே கிடையாது. மிளகைப் பற்றி ஒரு வார்த்தை: பேரரசர் தொமீத்தியன் காலத்து மிளகுக் கிடங்கு ஒன்று ரோமன் ஃபோரம் என்ற பழைய நகரச் சதுக்கத்தின் பக்கத்திலேயே இருந்தது. சரக்கு மலபார்க் கரையிலிருந்து கப்பலேறியது.

வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். நான்கில் மூன்று பாஸ்தாவில் பன்றி இருக்கிறது. மிஞ்சும் காச்சோ ஏ பேப்பேயிலும் சிக்கல் உண்டு. பெக்கொரீனோ ரொமானோவை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால். பார்மிஜானோ என்ற இன்னொரு சீஸுக்குக் கன்றினுடையது. என் அம்மாவிடம் இதைச் சொன்னதும், "எனக்கு அது வேண்டாம்ப்பா, வேற என்ன இருக்குன்னு கேளு" என்று தட்டைத் தள்ளிவிட்டார். தக்காளி, பூண்டு, மிளகாய் போட்ட அர்ராபியாத்தாவை 'சென்ட்ஸா ஃபொர்மாஜ்ஜோ', சீஸ் இல்லாமல், என்று வாங்கிக் கொடுத்தேன். கூடவே சிகோரியா ரிபஸ்ஸாத்தா. கீரையை வேகவைத்துப் பிழிந்து, எண்ணெயில் பூண்டும் மிளகாயும் தாளித்து வதக்குவது. ஒரு வாய் வைத்தவர் நிமிர்ந்து பார்த்து, "இது நம்ம வீட்டுக் கீரைப் பொரியல்டா, தேங்காய்தான் இல்ல" என்றார். இரண்டாவது தட்டும் வந்தது.

சாலட்டிலும் ஒளிந்திருக்கும் ஆசாமி உண்டு. குளிர்காலத்தில் கிடைக்கும் புன்தரெல்லே பார்க்கப் பச்சைக் காய்தான், மேலே ஊற்றுவது நெத்திலி அரைத்த சாறு. 'அலிச்சி' என்ற சொல்லைப் பார்த்தால் நெத்திலி என்று தெரிந்துகொள்ளுங்கள். மாடு மான்ட்ஸோ, கன்று விதெல்லோ, பன்றி மயாலே, கோழி போல்லோ. இந்த நான்கு சொற்களைக் கைபேசியில் குறித்து வைத்தாலே பாதி பயம் போய்விடும்.

5. சாப்பிடுவது

பாஸ்தா வந்த உடனே தொடங்குங்கள். ஆறினால் சீஸ் கட்டியாகிவிடும். நீளமான பாஸ்தாவை வெட்டாமல் முள்கரண்டியில் இரண்டு மூன்று இழையாகச் சுற்றுங்கள். நடுவில் கொஞ்சம் கடிபடும், வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதுதான் பதம்.

அப்பாவுக்கு வந்தது ஸ்கொத்தாதீதோ, சுட்ட இளம் ஆட்டு விலா எலும்பு. 'விரல் சுடுவது' என்பதே அதன் பெயர், கையால்தான் எடுத்துக் கடிக்க வேண்டும். அதுவரை கத்தியோடு போராடிக்கொண்டிருந்தவர் அப்புறம் வாயே திறக்கவில்லை. கொழுப்பு ஓரத்தில் கருகியிருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

எடுத்து வைத்த ரொட்டி இப்போதுதான். தட்டில் மிஞ்சிய சாற்றை அதால் வழித்துச் சாப்பிடுவதை 'ஸ்கார்பெத்தா' என்கிறார்கள், சின்னச் செருப்பு என்று பொருள். பெரிய ஹோட்டலில் செய்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ட்ராட்டோரியாவில் பக்கத்து மேசைத் தாத்தாவே செய்துகொண்டிருந்தார்.

6. காபியும் பில்லும்

இனிப்புக்கு அப்புறம்தான் காபி வரும். சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சீனோ கேட்டால் தருவார்கள், ஆனால் அதை அவர்கள் காலையில் மட்டும்தான் குடிப்பார்கள். 'லாத்தே' என்று கேட்டால் ஒரு தம்ளர் பால்தான் வரும். கொஞ்சம் பாலோடு வேண்டுமென்றால் 'மக்கியாத்தோ' சொல்லுங்கள்.

பில் தானாக வராது. நாங்கள் இருபது நிமிடம் காத்திருந்து, நம்மை மறந்துவிட்டார்களோ என்று முறைத்துக்கொண்டிருந்தோம். கேட்காமல் பில் வைப்பது எழுந்து போகச் சொல்வது மாதிரி என்பது பிறகுதான் புரிந்தது. "இல் கொன்தோ, பெர் ஃபவோரே" என்றால் போதும். வந்ததும் 'செர்வித்ஸியோ' என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள், போட்டிருந்தால் டிப்ஸ் தேவையில்லை. இல்லாவிட்டாலும் கட்டாயமில்லை, மேசையில் இரண்டு மூன்று யூரோ காசு வைத்துவிட்டு எழுந்திருக்கலாம்.