கடைமடை வரை போக வேண்டும்: காவிரிப் படுகையில் ஊகப்புனைவு நாவல் எழுதும் முறை

காவிரிப் படுகையில் இருந்துகொண்டு, நாளை வரக்கூடிய ஓர் உலகத்தையோ எங்குமே இல்லாத ஓர் உலகத்தையோ நாவலாக எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக நான் ஒரே நாவலோடு வாழ்ந்துவருகிறேன். அதில் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், கார்த்திகை முதல் தேதியன்று, காவிரியும் அதன் கிளை ஆறுகளும் கடலிலிருந்து மேற்கு நோக்கிப் பாய்கின்றன. நாவலின் அடித்தளமான இந்த ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ 200 பக்கங்களை எழுதி ஒதுக்கிவிட்டேன். அந்த உழைப்பில் நான் கற்றுக்கொண்ட வேலைமுறையை இங்கே சொல்கிறேன்.

ஒரே ஒரு மாற்றம்

ஒதுக்கிய பிரதியில் அதிசயங்கள் ஏராளமாக இருந்தன. கொள்ளிடத்து முதலை பேசியது, விதைநெல் முன்னோரின் நினைவைச் சேமித்து வைத்தது, கல்லணை வானத்தில் மிதந்தது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அழகுதான். ஆனால் மூன்றாவது அதிசயத்துக்கு மேல் வாசகர் வியப்பதை நிறுத்திவிடுகிறார், ஏனெனில் எதுவும் நடக்கலாம் என்ற உலகத்தில் எதற்கும் விலை இல்லை. ஆகவே முதல் வேலை, நம் உலகத்திலிருந்து உங்கள் உலகம் எந்த ஒரு புள்ளியில் விலகுகிறது என்று முடிவு செய்து, அதை ஒரே வாக்கியமாக எழுதி, எழுதும் மேசைக்கு நேரே ஒட்டிவைப்பது.

அந்த வாக்கியத்தில் ஓர் இடமும் ஒரு காலமும் ஓர் எல்லையும் இருக்க வேண்டும். “எதிர்காலத்தில் தண்ணீர்ப் பஞ்சம் வருகிறது” என்பது தலைப்பு, மாற்றம் ஆகாது. “கல்லணையின் மதகுகளை இனி மனிதர் திறக்க முடியாது, பயிரின் தாகத்தை அளக்கும் ஒரு கருவியே திறக்கும்” என்பது மாற்றம். எந்த ஊர்ப் பயிரின் தாகத்தை முதலில் அளப்பது என்ற சண்டை அந்த வாக்கியத்துக்குள்ளேயே காத்திருக்கிறது.

எல்லை என்று நான் சொல்வதைப் புரிந்துகொள்ள நமக்குப் பூம்புகாரே போதும். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் ஐந்து மன்றங்கள் வருகின்றன. பூதசதுக்கத்துப் பூதம் கண்ணில் பட்டவரையெல்லாம் விழுங்குவதில்லை, பொய்க்கரி (பொய்ச்சாட்சி) கூறுவோர், பிறன்மனை விழைவோர் போன்ற குற்றவாளிகளையே பாசத்தால் கட்டிப் புடைத்து உண்கிறது. பாவை மன்றத்துப் பாவையோ அரசனின் கோல் கோடும்போதும் அறங்கூறும் அவையம் ஒரு பக்கம் சாயும்போதும் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லாமல் கண்ணீர் மட்டும் உகுக்கிறது. பேசவும் தண்டிக்கவும் இயலாமல் அழ மட்டுமே தெரிந்திருப்பதால்தான் அந்தப் பாவை இத்தனை நூற்றாண்டு கழித்தும் நம்மைக் கலங்கவைக்கிறது. உங்கள் அதிசயத்தால் என்னவெல்லாம் முடியும் என்பதை ஒரு பத்தியில் எழுதினால், அதனால் எவையெல்லாம் முடியாது என்பதை மூன்று பத்தி எழுதுங்கள்.

இந்த மாற்றம் எங்கிருந்து கிடைக்கும் என்று பலரும் கேட்கிறார்கள். எனக்கு அது மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் கிடைத்தது. ஐப்பசி மாதம் முழுவதும் அங்கே துலா நீராடல் நடக்கும், மாதக் கடைசி நாள் கடைமுகம். நடக்க இயலாத ஒருவர் அந்த நாளையும் தவறவிட்டு மறுநாள் வந்து சேர, அவருக்காக இறைவன் ஒரு நாளை நீட்டித்துக் கொடுத்தார் என்பது கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்குக்குச் சொல்லப்படும் காரணம். படித்துறையில் உட்கார்ந்து அந்தக் கதையை நினைத்துக்கொண்டிருந்தபோது, நேற்றைய புண்ணியம் அவருக்கு இன்று கிடைத்தது என்றால் நேற்று ஓடிப்போன தண்ணீர் அவருக்காகத் திரும்பி வந்திருக்க வேண்டுமே என்று தோன்றியது. ஊரில் எல்லோரும் அறிந்த ஒரு கதையை அதன் சொல்லுக்குச் சொல் உண்மையென்று எடுத்துக்கொண்டு பாருங்கள். ஊகப்புனைவுக்கு இதைவிட நம்பகமான ஊற்று எனக்குத் தெரியவில்லை.

மாற்றத்தைக் கடைமடை வரை ஓடவிடுதல்

பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகள் இந்த இடத்தில்தான் வறண்டுபோகின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டதென்று செய்தி வரும், ஆனால் வாய்க்காலின் கோடியில் இருக்கும் ஊரில் நாற்றங்கால் காய்ந்துகொண்டிருக்கும். அதேபோல நாவலில் மாற்றம் தலைமடையிலேயே நின்றுவிடுகிறது. விஞ்ஞானி கண்டுபிடிக்கிறார், அமைச்சர் அறிவிக்கிறார், இராணுவம் வருகிறது, அத்தோடு கதை முடிந்துபோகிறது. நடவு நடும் பெண்ணின் கூலியில் அந்த மாற்றம் என்ன செய்தது, ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கரின் குடும்பத்தில் என்ன செய்தது என்பது எழுதப்படுவதே இல்லை.

நான் செய்யும் முறை இதுதான். நீளமான தாள் ஒன்றை எடுத்து அதன் இடது ஓரத்தில் மாற்றத்தை எழுதி, அதிலிருந்து ஆறு கிளை பிரிவதுபோலக் கோடுகளை இழுத்துக்கொண்டே போவேன். ஒவ்வொரு பிரிவிலும் இங்கே யார் வாழ்ந்தார், யார் தாழ்ந்தார், எந்தப் பழக்கம் மறைந்தது, எந்தச் சொல் புதிதாகப் பிறந்தது என்று கேட்பேன். ஒரு கோடு யாராவது ஒருவருடைய அடுப்படியைத் தொடும் வரை அதை நிறுத்துவதில்லை.

என் நாவலையே எடுத்துக்கொள்கிறேன். ஆறு திரும்பிப் பாய்ந்தால் முதலில் வருவது உப்பு. இப்போதும் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுக்கக் கடைமடையில் நீரொழுங்கிகள் இருக்கின்றன. என் உலகத்தில் அந்த ஒரு நாள் அவற்றை அடைத்துக் காக்கும் ஊர்களின் கையில்தான் தஞ்சாவூர்க் கிணறுகளின் இனிப்பு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக “எங்க ஊருக்குத் தண்ணி வரல” என்று மனுக் கொடுத்து நின்ற மக்களிடம், இப்போது தலைமடைக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். இதுவரை நான் திட்டமிட்டிருந்தது ஓர் இயற்கை அதிசயத்தின் கதை. இந்தப் பிரிவில் வந்து நின்ற பிறகுதான், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையிலான அதிகாரத்தின் கதை என்று எனக்கே தெரிந்தது.

அடுத்த கிளை பயிர். கார்த்திகை பிறக்கும்போது சம்பா வயலில் நிற்கும், அதில் உப்பு நீர் ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டதும் விதை மாறியாக வேண்டும் என்பது தெரிந்தது. வேதாரண்யம் பக்கத்து உவர் நிலங்களில் விளைந்த குடவாழை நெல் மேற்கே நகர்ந்து வருகிறது, அதைப் பாதுகாத்து வைத்திருந்த குடும்பங்கள் செல்வாக்குப் பெறுகின்றன, தலைமடை வீடுகளின் சோற்றின் நிறமே மாறுகிறது. வேறொரு கிளை சுவாமிமலைக்குப் போயிற்று. அங்கே சிற்பம் வார்க்கும் ஸ்தபதிகள் மெழுகு உருவின் மேல் பூசுவது காவிரியின் வண்டல் மண். அந்த வண்டலில் உப்பு கலந்தால் கருவின், அதாவது அந்த மண் அச்சின், பதம் மாறும் என்று என் நாவலுக்குள் வைத்துக்கொண்டேன்.

நான் சற்றும் எதிர்பாராதது இன்னொரு கிளை. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைக் காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டையிலிருந்து செய்கிறார்கள். திருவாவடுதுறை அதற்குப் பேர்பெற்ற ஊர். கொறுக்கை உப்பில் கருகினால் சீவாளி இல்லை, சீவாளி இல்லையென்றால் தை மாதத்து முகூர்த்தத்தில் கெட்டிமேளத்தின்போது நாதஸ்வரம் ஒலிக்காது. அந்த மௌனத்தில் தாலி கட்டும் ஒரு கல்யாணத்தை எழுதினேன். நாவலில் எனக்கு மிக நெருக்கமான அத்தியாயம் அதுதான், அது என் திட்டத்தில் இருக்கவே இல்லை.

வரைபடமும் நாட்காட்டியும்

ஆங்கிலத்தில் மிகைபுனைவுக்கு வழிகாட்டியான டோல்கீன், தாம் முதலில் வரைபடத்தைத் தொடங்கிப் பின்னர் கதையை அதற்குப் பொருந்தவைத்ததாகக் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். அவர் தம் நிலத்தைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது, நமக்குக் காலடியிலேயே இருக்கிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனத் தண்ணீர் பங்காவதையும், பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று அது விரல்விட்டுப் பரவுவதையும் கைப்பேசியைப் பாராமல் கையால் ஒருமுறை வரைந்து பாருங்கள். உங்கள் பாத்திரம் கும்பகோணத்திலிருந்து திருவாரூருக்குப் போக எத்தனை ஆறுகளைக் கடக்க வேண்டும் என்பது உங்கள் கைக்கே தெரிந்துவிடும். பாலங்கள் உடைந்த உலகத்தில் அந்த எண்ணிக்கையே கதையை நடத்தும்.

நாட்காட்டி இன்னும் முக்கியம். என் முதல் பிரதியின் ஓர் அத்தியாயத்தைத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். திரும்பிப் பாயும் ஆற்றை எந்தத் தயக்கமுமின்றி ஏற்றுக்கொண்டு கேட்டுவந்தவர் ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். “மார்கழியில யாரு தம்பி நடவு நடுறா? அப்ப சம்பா கதிர் வாங்கி நிக்குமே” என்றார். அதற்குப் பிறகு அவர் கதையை நம்பவில்லை. ஆறு பின்னோக்கி ஓடலாம், மார்கழியில் சம்பா நடவு மட்டும் ஆகாது. இல்லாத ஒன்றை வாசகர் நம்ப வேண்டுமென்றால், இருக்கின்ற ஒவ்வொன்றும் பிசகில்லாமல் இருக்க வேண்டும். மேட்டூர் அணை 1934 இல் பயன்பாட்டுக்கு வந்தது, குறுவைக்காக அதைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, அதன் முழு நீர்மட்டம் 120 அடி. ஆடிப்பெருக்கில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் ஆற்றுக்கு வருகின்றன. இவற்றையெல்லாம் மாத வரிசையில் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, உங்கள் மாற்றம் எந்த வரியை அடிக்கிறது என்று சிவப்பு மையில் குறியுங்கள்.

பட்ட வலியை எழுதும்போது

கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ என்ற தம் புகழ்பெற்ற நாவலில் மனிதர்கள் வரலாற்றில் எங்காவது ஏற்கெனவே செய்திராத எந்தக் கொடுமையையும் சேர்ப்பதில்லை என்று விதி வைத்துக்கொண்டதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். அதை நாம் பின்பற்றினால் கற்பனைப் பேரழிவுகளுக்காக வெளியே அலைய வேண்டியதில்லை. புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் அரித்திருப்பதை இன்றும் நேரில் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 இல் நாகப்பட்டினம் கரை என்ன கண்டது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் அதே நாட்களில்தான் 2018 நவம்பர் 16 இல் கஜா புயல் கரையைக் கடந்தது, ஆகவே என் நாவலின் தேதி என்னைக் கேட்காமலேயே அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டது.

இந்த நிகழ்வுகளில் உறவுகளை இழந்தவர்கள் உங்கள் வாசகர்கள். அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் வருணித்து அவர்களை மீண்டும் அங்கே நிறுத்தாதீர்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு அம்மா கஜாவைப் பற்றி என்னிடம் சொன்னதில் காற்றே இல்லை. தென்னைகள் விழுந்த மறுநாளிலிருந்து தன் வீட்டு முற்றத்தில், இருபத்தைந்து ஆண்டுகளில் ஒருநாளும் படாத வெயில் பட்டதைத்தான் சொன்னார். என் நாவலில் பேரழிவு நடக்கும் இடங்களில் எல்லாம் அந்த வெயிலைப் போன்ற ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே எழுதுகிறேன்.

பெயர் வைப்பது

புதிய கருவிகளுக்கும் புதிய வழக்கங்களுக்கும் பெயர் வைக்கும்போது அகராதியைப் பார்த்துச் சொல்லாக்க வேண்டாம், ஊர் எப்படிப் பெயரிடுகிறது என்று கவனியுங்கள். 1934 இல் தண்ணீர் விடப்பட்ட கல்லணைக் கால்வாய் இன்றும் தஞ்சாவூரில் ‘புது ஆறு’தான். வந்த நாளில் புதியதாக இருந்தது, பெயர் அப்படியே தங்கிவிட்டது. ஆகவே என் நாவலில் எழுபது ஆண்டு பழைய, துருப்பிடித்த ஓர் உப்பு வடிக்கும் இயந்திரத்தை ஊரார் ‘புதுசு’ என்றே அழைக்கிறார்கள். அந்த ஒரு சொல், இரண்டு பக்க வரலாற்று விளக்கத்தை மிச்சப்படுத்தியது.

மற்ற எழுத்தாளர்களோடு பேசுவது

முழுப் பிரதியையும் கொடுத்து “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் அன்பான பதில்தான் கிடைக்கும், அதனால் பயன் இல்லை. இரண்டு மூன்று பேர் போதும். ஒரு அத்தியாயத்தை உரக்க வாசித்துவிட்டு, எந்த வரியில் நம்பிக்கை அறுந்தது, எந்த இடத்தில் விதி மீறப்பட்டது, மாற்றம் போய்ச் சேராத மனிதர் யார் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். அவர்கள் பேசும்போது எழுதியவர் விளக்கம் சொல்லக் கூடாது. விளக்க வேண்டும் என்று நாக்கு துடிக்கும் இடங்களை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், திருத்த வேண்டிய பக்கங்கள் அவைதான். ஒருவராவது விவசாயம் தெரிந்தவராக இருக்கட்டும்.

நாவல் வெளிவந்த பிறகு வாசகர் கூட்டத்தில் பேச நேர்ந்தாலும் இதுவே வழி. கதையின் பொருள் என்ன என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். எந்த முடிவை ஏன் எடுத்தீர்கள், எதைக் கைவிட்டீர்கள், எந்தத் தகவல் உங்கள் திட்டத்தைக் கவிழ்த்தது என்று பேசுங்கள். கேட்பவர்களில் எழுத நினைக்கும் ஒருவர் எப்போதும் இருப்பார், அவருக்கு வேண்டியது அந்தத் தகவல்தான்.

கடைசியாக, கால அளவு பற்றி. நான் ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் எழுதுகிறேன். ஜனவரி இறுதியில் மேட்டூர் மூடப்பட்டு மணல் தெரியத் தொடங்கியதும் பிரதியைப் பெட்டியில் வைத்துவிட்டு, கதையில் வரும் ஊர்களுக்கு ஆற்றின் வழியாகவே நடந்துபோகிறேன். கரையிலிருந்து எழுதிய பல காட்சிகள் ஆற்றுக்குள் இறங்கி நின்று பார்க்கும்போது தவறாகத் தெரியும். மதகின் அடிப்புறத்தில் எவ்வளவு உயரத்தில் பாசி படிந்திருக்கிறது, படித்துறையின் கடைசிப் படி எங்கே முடிகிறது, எந்த வளைவில் மணல் அள்ளிய பள்ளம் இருக்கிறது என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, ஜூனில் மீண்டும் தண்ணீர் வந்ததும் பெட்டியைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்குவேன்.