மானிட்டரில் ஒரு புள்ளி: அழுத்துவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மானிட்டரில் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்தால் பலரும் முதலில் செய்வது, கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதுதான். தயவுசெய்து கையை எடுங்கள். டெல்டாப் பக்கம், அதுவும் சம்பா நிற்கிற மாதங்களில், அது பிக்சல் (திரையில் படத்தை உருவாக்குகிற மிகச் சின்னக் கட்டம்) கோளாறாக இல்லாமல் உள்ளே புகுந்த பூச்சியாகவும் இருக்கலாம். பூச்சியை அங்கேயே நசுக்கிவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மானிட்டரைப் பிரித்தால்தான் எடுக்க முடியும். அதனால் அது என்ன புள்ளி என்று முதலில் பார்ப்போம், வைத்தியம் பிறகு.

ஃபுல் எச்டி திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்கள். ஆக ஒளியை விடவும் தடுக்கவும் 62 லட்சத்துக்கு மேல் நுண்கதவுகள். ஒவ்வொன்றையும் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். கதவு ஒன்று திறந்தபடியோ மூடியபடியோ நின்றுவிட்டால் அது ஸ்டக் பிக்சல். திறந்தபடி நின்றால் கருப்புத் திரையிலும் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒரு பொட்டு தெரியும். மூன்றுமே வேலை செய்யாமல் கருப்பாகக் கிடந்தால் டெட் பிக்சல். ஸ்டக் பிக்சல் சரியாக ஓரளவு வாய்ப்பு உண்டு. டெட் பிக்சல் பெரும்பாலும் திரும்பாது.

ஒரு சின்ன விஷயம்: திரைப் பலகையான பேனலில் ஐபிஎஸ், விஏ, டிஎன் என்று வகைகள் உண்டு. ஐபிஎஸ், விஏ பேனல்களில் மின்னழுத்தம் வராவிட்டால் ஒளி அடைபட்டுப் புள்ளி கருப்பாகும். பழைய டிஎன் பேனல்களில் நேர்மாறு, மின்னழுத்தம் இல்லாவிட்டால் ஒளி கசியும். அதனால் பழைய மானிட்டரில் பளிச்சென்று தெரிகிற புள்ளியும் டிரான்சிஸ்டர் போனதால் வந்ததாக இருக்கலாம்.

முதல் படி: துடையுங்கள்

மானிட்டரை அணைத்து, மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடைக்கவும். போகவில்லை என்றால் துணியின் ஒரு முனையைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்துத் துடைக்கலாம். பேட்டரிக்கு ஊற்ற வாங்குகிற தண்ணீரே போதும். திரையில் நேரடியாகத் தெளிக்காதீர்கள். ஓரத்தில் வழிந்து பேனலுக்குள் இறங்கிவிடும். கண்ணாடி துடைக்கிற திரவமும் வேண்டாம், மேல்பூச்சைக் கெடுத்துவிடலாம். ஆயுத பூஜைக்கு மறுநாள் தெரிகிற புள்ளி என்றால் சந்தனத்தைச் சந்தேகியுங்கள். பொட்டு வைப்பதாக இருந்தால் ஸ்டாண்டில் வையுங்கள், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இரண்டாம் படி: ஸ்கிரீன்ஷாட்

புள்ளி தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் அதே இடத்தில் புள்ளி இருந்தால் கோளாறு மானிட்டரில் இல்லை. மென்பொருளிலோ கிராஃபிக்ஸ் கார்டிலோ இருக்கிறது. போனில் இல்லை என்றால் மேலே போகலாம். மேலிருந்து கீழாக முழுக்கோடு விழுந்திருந்தால் அது வேறு கதை. கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் கோடு நின்றால் பேனல் பழுது, இங்கே சொல்கிற எதுவும் உதவாது.

மூன்றாம் படி: ஐந்து நிறம்

இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. பெயின்ட் நிரலில் 1920 × 1080 அளவில் படம் திறந்து முழுவதும் கருப்பு நிரப்பிச் சேமியுங்கள். அதேபோல் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றையும் முழுத்திரையில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கருப்புத் திரையில் சிவப்புப் பொட்டு தெரிந்தால் சிவப்புத் துணைப் பிக்சல் திறந்தபடி நிற்கிறது. பச்சை, நீலத்துக்கும் இதே கணக்கு. வெள்ளைத் திரையில் பார்ப்பது இன்னும் சுவாரசியம். அங்கே மஞ்சள் பொட்டு தெரிந்தால் நீலம் மூடியிருக்கிறது. சிவப்பும் நீலமும் கலந்த மெஜந்தா என்றால் பச்சை மூடியிருக்கிறது. பச்சையும் நீலமும் கலந்த நிறம் என்றால் சிவப்பு. ஐந்து நிறத்திலும் கருப்பாகவே நின்றால் டெட் பிக்சல். எந்த நிறத்தில் என்ன தெரிந்தது என்று குறித்துக்கொண்டு போனில் படமும் எடுத்து வையுங்கள், வாரன்டிக்கு உதவும்.

நான்காம் படி: பூச்சியா?

இதை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று எங்கே இருந்தாலும் வீட்டுக்குப் பத்தடியில் வயல் இருப்பது நமக்குச் சகஜம். ஐப்பசி, கார்த்திகையில் விளக்கைப் போட்டால் பச்சைத் தத்துப்பூச்சி மொய்க்கும். அது கொஞ்சம் பெரிசு, பெரும்பாலும் திரைக்கு வெளியேதான் உட்காரும். தொல்லை அதைவிடச் சின்னப் பூச்சிகளால்தான். ஒன்றிரண்டு மில்லிமீட்டரே இருக்கிற இலைப்பேன் வகைகள் மானிட்டரின் காற்றுத் துளைகள் வழியாகப் புகுந்து, திரைக்குப் பின்னால் எரிகிற பேக்லைட் விளக்கின் வெளிச்சத்தைத் தேடி, பேனலுக்கும் அதன் பின்னால் ஒளியைப் பரப்புகிற தாள்களுக்கும் நடுவே வந்துவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது ஒரு கரும்புள்ளிதான்.

எப்படிப் பிரித்தறிவது? 22 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் கால் மில்லிமீட்டர். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஓரம் வெட்டினாற்போல் நேராக இருக்கும். பூச்சியோ தூசியோ என்றால் அதைவிடப் பெரிதாக, நீளவாட்டமாக, ஓரம் மங்கலாக இருக்கும். மவுஸ் அம்பை அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். பிக்சல் என்றால் அம்புக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறாது. பின்னால் இருக்கிற பொருள் என்றால் கொஞ்சம் விலகினாற்போல் தெரியும். நடந்தால் சந்தேகமே இல்லை.

உயிருள்ள பூச்சி என்றால் மானிட்டரை அணைத்து, அறையை இருட்டாக்கி, சற்றுத் தள்ளி ஒரு விளக்கை எரியவிடுங்கள். பல நேரம் வந்த வழியே போய்விடும். செத்துப்போனது என்றால், அணைத்த மானிட்டரின் ஓரச் சட்டத்தை விரல் நுனியால் லேசாகத் தட்டினால் கீழே இறங்கி ஓரத்தில் மறைய வாய்ப்புண்டு. இறங்காவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். பேனலைப் பிரிக்கிற வேலையை வீட்டில் முயல வேண்டாம். ஒரு பூச்சிக்காகப் பிரித்து ஒன்பது தூசியை உள்ளே விடுவோம்.

வராமல் பார்த்துக்கொள்வது சுலபம். பொழுது சாயும்போது ஜன்னலைச் சாத்துங்கள், அல்லது கொசுவலை அடியுங்கள். அறை இருட்டாக இருந்து மானிட்டர் மட்டும் எரிந்தால் எல்லாம் அங்கேதான் வரும். வயலில் விளக்குப்பொறி வைப்பதுபோல, வாசலில் ஒரு பல்பும் அதன் கீழே தண்ணீர்த் தட்டும் வைத்தால் கூட்டம் அங்கே போகும்.

ஐந்தாம் படி: வாரன்டி

பிக்சல்தான் என்று உறுதியானால் பில்லைத் தேடுங்கள். ஒரே ஒரு புள்ளிக்கு எல்லா நிறுவனமும் மாற்றித் தராது. 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 என்ற சர்வதேசத் தரவிதியின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிகிற 2, எப்போதும் அணைந்த 2, துணைப் பிக்சல் கோளாறு 5 வரை அனுமதிக்கிறது. அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 9241-307 வந்துவிட்டாலும், எண்ணிக்கை பார்த்துத்தான் மாற்றித் தருவது என்கிற போக்கு மாறவில்லை. சில மாடல்களுக்கு எரிகிற புள்ளி ஒன்று இருந்தாலும் மாற்றித் தருவார்கள். உங்கள் மாடலுக்கு என்ன விதி என்று நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். புது மானிட்டர் என்றால் கடையில் திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள் போவதுதான் உத்தமம். அழுத்திப் பார்த்துத் தழும்பு விழுந்துவிட்டால் வாரன்டி கிடைக்காது.

ஆறாம் படி: நிறங்களை ஓடவிடுவது

ஸ்டக் பிக்சலுக்கு ஆபத்தில்லாத வழி இது. புள்ளி இருக்கிற இடத்தில் நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி, நின்றுபோன துணைப் பிக்சலை அசைத்துப் பார்ப்பது. ஜேஸ்க்ரீன்ஃபிக்ஸ் தளம் பிரவுசரிலேயே ஓடும். விண்டோஸுக்கு யூடிபிக்சல் என்ற சிறு நிரலும் உண்டு. மின்னுகிற சதுரத்தைப் புள்ளியின் மேல் இழுத்து வையுங்கள். பத்து நிமிடம் போதும் என்று அந்தத் தளம் சொன்னாலும், நான் சில மணி நேரம் விடச் சொல்வேன். ஸ்லீப், ஸ்கிரீன்சேவர் இரண்டையும் முதலில் நிறுத்துங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் எடுக்கிற நாளில் ஆரம்பிக்காதீர்கள். அந்தச் சதுரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் அவர் கண்ணில் படாமல் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

ஏழாம் படி: அழுத்துவது, கடைசியாக

வாரன்டி முடிந்திருந்தால் மட்டும். ஓஎல்இடி (பிக்சல்களே தாமாக ஒளிர்கிற வகை) திரையிலும் தொடுதிரையிலும் வேண்டாம். டெட் பிக்சலுக்கு இதைச் செய்து பயனில்லை. மானிட்டரை அணைத்து, மெல்லிய துணியை நான்காக மடித்து, உருண்டையான பேனா மூடியின் மேல் வைத்துப் புள்ளியின் மீது மட்டும் பதமாக அழுத்துங்கள். ஐந்து முதல் பத்து விநாடி. அழுத்தியபடியே மானிட்டரைப் போட்டு, பிறகு விடுங்கள். சுற்றிலும் வெளுத்துப் பரவினால் அழுத்தம் அதிகம், உடனே விடுங்கள். வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. மின்பொருளின் மேல் ஈரமும் சூடும் சேர்வது எனக்குச் சம்மதமில்லை.

இத்தனைக்கும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள். பேனல் மாற்றுகிற செலவு பெரும்பாலும் புது மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற ஸ்டூடியோக்காரருக்குப் புள்ளி நடுவில் இருந்தால் தொல்லைதான்; மணப்பெண் முகத்தில் மச்சமா பிக்சலா என்று ஒவ்வொரு முறையும் படத்தை நகர்த்திப் பார்க்க வேண்டும். அவர் மாற்றுவது நியாயம். இ-சேவை மையத்திலோ வீட்டிலோ என்றால் பெரிய இடைஞ்சல் இல்லை.

திருச்சியிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பழைய மானிட்டர் வாங்கப் போகிறவர்கள், மேலே சொன்ன ஐந்து நிறப் படங்களையும் ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே கடைக்காரரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.