வண்டு துளைத்த தென்னங்கன்றைத் தேற்றுவது எப்படி?

பக்கத்துத் தோட்டத்தில் செம்பனையை வெட்டி மறுநடவு நடக்கிறதா? அப்படியானால் வீட்டுத் தென்னங்கன்றுக்குக் காண்டாமிருக வண்டு வராமல் இருந்தால்தான் அதிசயம். சாய்த்த மரத்தை இப்போதெல்லாம் எரிப்பதில்லை, சீவித் துண்டு போட்டு அங்கேயே மட்க விடுகிறார்கள், அந்த மட்கல்தான் வண்டுக்குப் பிரசவ வார்டு.

விரிந்த ஓலை முக்கோணமாக வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்ததும் மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஓலை குருத்துக்குள் மடிந்திருந்தபோதே விழுந்த வெட்டு அது, கடித்த வண்டு எப்போதோ பறந்திருக்கும்.

முதலில் நடுக்குருத்தைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அசையவில்லையா, கன்று பிழைத்துவிடும். கையோடு வந்துவிட்டால் அடியைப் பாருங்கள்: வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் காத்திருக்கலாம். கூழாகி நாறினால் தோண்டி எடுத்துவிட வேண்டியதுதான், ஏனென்றால் தென்னைக்கு ஒரே குருத்து, பக்கத்தில் கிளைக்காது.

அப்புறம் மட்டையிடுக்குகளைத் தேடுங்கள். ஓட்டை வாயில் ஈரமான நார்ச்சக்கை துருத்திக்கொண்டிருந்தால் வண்டு உள்ளேதான் இருக்கிறது. பழைய சைக்கிள் கம்பியின் நுனியைத் தூண்டில் மாதிரி வளைத்து, ஓட்டை போகும் வழியிலேயே விட்டுத் திருகி இழுங்கள். குருத்தின் நடுவை நோக்கிக் குத்தக் கூடாது, அவசரத்தில் வண்டு செய்ததைவிட நாம் அதிகம் கெடுத்துவிடுவோம். கட்டைவிரல் பருமனில், மூக்கில் கொம்போடு கறுப்பாக வரும்.

சக்கையைச் சுத்தம் செய்துவிட்டு, உள்ளே இருக்கும் 3 மட்டையிடுக்குகளில் இடுக்குக்கு ஒரு அந்துருண்டை (கடையில் மலாயில் உபாட் கெகாட் என்று கேளுங்கள்) வைத்து மேலே மணல் போடுங்கள். 45 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கன்று குள்ளமாக இருக்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகளும் உண்டு என்றால் இது வேண்டாம். இடித்த வேப்பங்கொட்டை ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து போடுங்கள், அல்லது கிழிந்த மீன்வலையைக் குருத்தடியில் தளர்வாகச் சுற்றுங்கள், இறங்கும் வண்டு காலை மாட்டிக்கொள்ளும். எனக்குப் பிடித்தது வலைதான், காசும் இல்லை, நாற்றமும் இல்லை.

கிழிந்த ஓலை அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டாதீர்கள். பச்சை இருக்கும்வரை கன்றுக்குச் சோறு போடுவது அதுதான், பச்சைக் காயமோ சிவப்புக் கூன்வண்டை வரவழைக்கும். 2007-இல் நம் திரங்கானு மாநிலத்தில் தலைகாட்டிய அந்தக் கூன்வண்டு நுழைந்துவிட்டால் மரம் தப்புவது கஷ்டம். தண்ணீர் தவறாமல் ஊற்றுங்கள், உரத்தைப் புதுக்குருத்து நீளத் தொடங்கிய பிறகு பாதி அளவில் ஆரம்பித்தால் போதும்.

சரி, கொல்லையில் சாணக்குவியல், மட்கிய தென்னங்கட்டை ஏதாவது கிடக்கிறதா? கிளறுங்கள். வளைந்து சுருண்ட வெள்ளைப் புழு வந்தால் கோழிக்குப் போடுங்கள். இந்த வண்டை நோயில் தள்ளும் வைரஸை 1963-இல் நம் மலேசியாவில்தான் கண்டுபிடித்தார்கள், ஆனாலும் வீட்டுக் கொல்லைக்குக் கோழிதான் சரி.

இவ்வளவும் செய்த பிறகும் அடுத்த ஓரிரு ஓலை வெட்டுப்பட்டே விரியலாம். அது பழைய கடி. இடுக்கில் ஈரச்சக்கை தெரிந்தால் மட்டும் மறுபடி கம்பியை எடுங்கள்.