கோப்பு இருக்கிறது, ஆனால் ‘கோப்பு இல்லை’

ரிச்சி தெருவில் வாங்கிய ஏஎம்டி லேப்டாப், அதில் டெபியன் 12 லினக்ஸ். பேக்போர்ட்ஸிலிருந்து (டெபியனுக்குப் புதிய பதிப்பு மென்பொருள்களைத் தரும் களஞ்சியம்) புதிய கர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, ஏற்றியதும் திரையில் எழுத்தெல்லாம் பெரிதாகி மங்கிவிட்டது. கணினி தொடங்கும்போது எழுதும் பதிவில், ஏஎம்டிஜிபியு என்ற கிராஃபிக்ஸ் டிரைவர் கேட்ட ஃபர்ம்வேருக்கு (சிப்புக்குள் ஏற்றும் சிறு மென்பொருள்) பிழை -2, அதாவது கோப்பு இல்லை. ஃபர்ம்வேர் தனிப் பொதி, அதாவது தனியாக நிறுவும் தொகுப்பு. கர்னலோடு சேர்ந்து புதுப்பிக்கப்படவில்லை.

கோப்பை இறக்கி வட்டிலுள்ள லிப் ஃபர்ம்வேர் அடைவில் கையால் போட்டேன். மறுபடியும் -2. பெயர், அனுமதி எல்லாம் சரி. பயாஸ் புதுப்பித்தும் பயனில்லை. மூன்று நாள் போனது.

அப்புறம்தான் நேரத்தைக் கவனித்தேன். பிழை வந்தது கணினி தொடங்கிய 2ஆவது நொடியில். என் வட்டோ குறியாக்கத்தால் பூட்டியது, கடவுச்சொல் அடித்த பிறகுதான் திறக்கும். டிரைவர் தேடியது இனிட்ராம்எஃப்எஸ் உள்ளே, அதாவது வட்டு திறக்கும் முன் நினைவகத்தில் ஏறும் சிறு தற்காலிகக் கோப்பு முறைமைக்குள்! அங்கே என் கோப்பு இல்லை.

கையால் போட்டதை நீக்கி, ஃபர்ம்வேர் பொதியையும் பேக்போர்ட்ஸிலிருந்தே நிறுவினேன். நிறுவும்போதே இனிட்ராம்எஃப்எஸ் புதிதாக உருவானது. திரை பளிச்சென்று வந்தது, நிம்மதி.