பெல்ஜியன் கோதுமை பீருக்கு நம்ம ஊர் மல்லி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வெளிநாடு போய், அங்கே சட்டப்படி வீட்டில் பீர் தயாரிப்பவர்களுக்கான குறிப்பு இது. (தமிழ்நாட்டில் முயல வேண்டாம், மதுவிலக்குச் சட்டம் பாயும். ஓசூர் தாண்டி பெங்களூரில் குடிப்பதோடு சரி.)

பெல்ஜியத்துக் கோதுமை பீரான விட்பியரில் கிட்டத்தட்டப் பாதி முளைகட்டாத கோதுமை, மீதி பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி). வழக்கொழிந்த இந்த வகையை ஹூகார்டன் ஊரில் 1960-களில் மீட்டவர் பியர் செலிஸ் என்பவர். மணத்துக்கு ஆரஞ்சுத் தோலும் மல்லியும் (கொத்தமல்லி விதை).

மல்லியில்தான் விஷயமே இருக்கிறது. நம் ஊரின் நீள்வாக்கான விதையில் எலுமிச்சை வாசம் தூக்கலாக இருக்கும். ஐரோப்பியக் கடைகளில் கிடைக்கும் சின்ன உருண்டை விதையில் சில சமயம் பச்சைக் காய்கறி வாடை. ஊரிலிருந்து எடுத்துப்போகச் சுங்கத்தில் அனுமதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்குள்ள இந்திய மளிகைக் கடையே போதும். பொடி வேண்டாம், முழு விதைதான்.

அப்புறம், வறுக்கவே கூடாது. சாம்பார்ப் பொடி அரைத்துப் பழகிய கை தானாக வாணலியைத் தேடும். வறுத்தால் பீரில் குழம்பு வாசம்தான் வரும். சின்ன உரலில் போட்டு, விதை இரண்டாகப் பிளக்கும் அளவுக்கு லேசாகத் தட்டினால் போதும்.

20 லிட்டர் பீருக்கு 15 முதல் 20 கிராம் மல்லி. மால்ட் சாறு கொதித்து முடிய 5 நிமிடம் இருக்கும்போது போடுங்கள். ஆரஞ்சில் மேல்தோலை மட்டும் சீவுங்கள், உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். பீர் கலங்கலாக இருந்தால் வடிகட்டாதீர்கள், அது அப்படித்தான் இருக்கும்.