வால்வு ரேடியோவின் மரப்பெட்டிக்கு மறுபடி மெருகு போடுவது

பழைய வால்வு ரேடியோ கைக்கு வந்ததும் உப்புத்தாளை எடுக்கத்தான் கை போகும். பல நல்ல பெட்டிகள் கெட்டது அங்கேதான். பார்ப்பதற்கு வால்நட், மஹோகனி என்று தெரியும் அந்தக் கரும்பழுப்பில் பாதிக்கு மேல் பூச்சுக்குள் கலந்த சாயம். முகப்புக்கு மட்டும் நல்ல வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டுவார்கள். தூண், அடிக்கட்டை, ஓரச்சட்டம் எல்லாம் வெளுத்த மலிவு மரம். இரண்டும் ஒரே மரம்போலத் தெரியச் சாயம் கலந்த லாக்கரை மேலே அடிப்பார்கள். 1930களிலிருந்து 1950கள் வரை வந்த செட்களில் இது சர்வசாதாரணம். பூச்சை உரித்தால் அந்த நிறமும் கூடவே போய்விடும். வெளுத்த தூண்களும் பழுப்பு முகப்புமாகப் பெட்டி பல்லிளிக்கும். அதனால் உரிப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சேஸிஸைக் கழற்றும்போது

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஃபில்டர் கண்டென்சர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். சேஸிஸின், அதாவது பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டின், அடியில் கை வைப்பதற்கு முன், 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் போட்ட கிளிப்புகளால் கண்டென்சரின் இரு முனைகளிலும் அரை நிமிடம் மாட்டி வையுங்கள். பிறகு மீட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

குமிழ்களில் சில இழுத்தாலே வரும், சிலவற்றின் கழுத்தில் சின்ன மறைதிருகு இருக்கும். வர மறுத்தால் அடியில் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பக் கூடாது. முகப்பில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் விழும், வெனீரோடு சேர்ந்து நசுங்கிய அந்தத் தழும்பு பிறகு எந்தப் பூச்சிலும் மறையாது. கனமான நூலைக் குமிழுக்குப் பின்னால் இரண்டு சுற்றுச் சுற்றி நேராக இழுத்தால் போதும்.

டயல் கண்ணாடியின் எழுத்துகள் பெரும்பாலும் பின்பக்கம் அச்சாகியிருக்கும். தண்ணீர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எது பட்டாலும் ஸ்டேஷன் பெயர்கள் துணியோடு வந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள், பின்பக்கத்துக்கு மென்மையான காய்ந்த தூரிகை போதும். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வால்வு வரைபடத் தாளைக் காகிதத்தால் மூடி, டேப்பைச் சுற்றியுள்ள மரத்தில் மட்டும் ஒட்டுங்கள். சூடேறும் வால்வுக்கு மேலே, பெட்டியின் உட்கூரையில், சாம்பல் வெள்ளையாக அட்டைபோல ஏதாவது ஒட்டியிருந்தால் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். சுரண்டாமல், தேய்க்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

கம்பெனி முத்திரை, குமிழ்களின் அடியில் உள்ள எழுத்துகள், ஓரங்களில் நிறம் எங்கே கருக்கிறது என்பது, எல்லாவற்றையும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். பிற்பாடு நிறத்தைத் திரும்பக் கொண்டுவர இந்தப் படங்கள்தான் வழிகாட்டும்.

மேலே இருப்பது எந்தப் பூச்சு?

பெட்டியின் அடியில், கண்ணில் படாத மூலையில், பஞ்சுக்குச்சியால் ஒரு சொட்டு மெத்திலேட்டட் ஸ்பிரிட் வையுங்கள். அரை நிமிடத்தில் பிசுபிசுத்தால் அவலரக்கு (ஷெல்லாக்) மெருகு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் அல்லது லேசாக மட்டும் கலங்கி, லாக்கர் தின்னருக்கு உருகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்; வால்வு ரேடியோக்களில் அதிகம் காண்பது இதுதான். இரண்டுக்கும் மசியவில்லை என்றால், 1950களின் பிற்பகுதி ஐரோப்பிய செட்களில் சிலவற்றில் வரும் கனமான பாலியெஸ்டர், அல்லது இடையில் யாரோ அடித்த பாலியூரிதேன்.

இன்னொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுங்கள். 1930களின் பிற்பகுதி, 1940களின் அமெரிக்க செட்கள் பலவற்றில் அழகான மரரேகை என்று நினைப்பது மரமே இல்லை, அச்சிட்ட ரேகை. தேய்ந்த மூலையில் ரேகை சட்டென்று நின்று வெறும் பழுப்பாகத் தெரியும். இதைத் தின்னரால் தொட்டால் ரேகையே அழிந்துவிடும். சுத்தம் செய்து, மெழுகு போட்டு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

உரிக்காமலே சரியாகுமா?

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. துணியை நன்றாகப் பிழிந்து, ஒரு கையகல இடமாகத் துடைத்து உடனே உலர்த்துங்கள். அடுத்து மினரல் டர்பன்டைனால் பழைய மெழுகையும் பாலிஷையும் எடுங்கள். துணி தேநீர் நிறத்தில் வரும். அதில் பெரும்பகுதி புகையும் கைப்பிசுக்கும். ‘கறுத்துப்போன’ பெட்டிகளில் பலவற்றுக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

முதலைத்தோல் மாதிரி வெடித்த லாக்கரை மறுபடி உருக்கி இணைக்கலாம். தின்னரோடு, அது காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரைக் கால் பங்கு சேர்த்து, மென்மையான தூரிகையால் ஒரே திசையில் ஒரு பூச்சு. பெட்டியைத் திருப்பி, வேலை செய்யும் பக்கத்தைப் படுக்கை மட்டமாக வையுங்கள். நின்ற நிலையில் அடித்தால் சாயமும் சேர்ந்து வழியும். அவலரக்கு மெருகு என்றால் தின்னருக்குப் பதில் ஸ்பிரிட். இரண்டு மூன்று பூச்சுக்கு மேல் போக வேண்டாம், ஓர் இரவு விட்டுப் பாருங்கள்.

வெனீர்

விரல் நகத்தால் பெட்டி முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டியிருக்கும் இடம் ‘டக்’கென்று கெட்டியாகப் பேசும், பிரிந்த இடம் பொள்ளலாக ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள்.

பழைய ஒட்டு பெரும்பாலும் வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை. சூடும் ஈரமும் பட்டால் அது மறுபடி இளகும். உரிக்கப்போகும் பெட்டியென்றால், ஈரத்துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியைப் பத்து வினாடி வைத்து, மரக்கட்டையால் ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள். பூச்சைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சூடு ஆகாது, வெள்ளை படரும். வஜ்ஜிரம் பொடிந்துபோயிருந்தாலும் இளகாது. அப்போது ரேகையோடு ஒரு சின்னக் கீறல் போட்டு, சிரிஞ்சால் மரப்பசையைச் செலுத்தி, பாலிதீன் விரித்துக் கட்டை வைத்து 24 மணி நேரம் கிளாம்ப் போடுங்கள்.

உடைந்துபோன இடத்துக்கு ஒட்டுத்துண்டைச் சதுரமாக வெட்டாதீர்கள். ரேகைக்குக் குறுக்கே வரும் நேர்கோட்டைக் கண் உடனே பிடித்துவிடும். படகு வடிவில், நுனிகள் ரேகைத் திசையில் கூராக முடியும்படி வெட்டினால் கரைந்துவிடும். மக்கு வைத்து அடைப்பது கறுப்பாகப் பூசப்போகும் அடிக்கட்டைக்கு மட்டும் சரி. மற்ற இடத்தில் அது சாயம் ஏற்காமல் திட்டாக நிற்கும். ஊசித்துளை போன்ற ஓட்டைகளிலிருந்து புது மாவு கொட்டினால் புழு உயிரோடு இருக்கிறது. அதற்கு மருந்து வைத்த பிறகே மற்ற வேலை.

உரிப்பது

மெத்திலீன் குளோரைடு உள்ள ரிமூவர் வேகமானது, ஆனால் மூடிய இடத்தில் உயிரைக் குடிக்கும். பல நாடுகளில் வீட்டு உபயோகத்துக்கு விற்கவே தடை. லாக்கருக்கு அது தேவையும் இல்லை. மெதுவான ரிமூவரைத் தடிப்பாகத் தடவி, பாலிதீனால் மூடி 20 நிமிடம் விட்டு, முனை மழுக்கிய பிளாஸ்டிக் தகட்டால் ரேகையோடு வழியுங்கள். மிச்சத்தைத் தின்னரும் நைலான் பேடும் எடுத்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் ஹீட் கன் காட்டுவதும் வேண்டாம், இரண்டும் வஜ்ஜிரத்தின் எதிரிகள்.

வெனீரின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பழைய பெட்டியில் ஏற்கெனவே யாராவது தேய்த்திருந்தால் இன்னும் குறைவு. அதனால் மெஷின் சாண்டர் கூடாது. கட்டையில் சுற்றிய 180ஆம் எண் உப்புத்தாள், பிறகு 220, ரேகையோடு, கையால், நிறம் சமமாகும்வரை மட்டும். மூலை விளிம்புகளுக்குக் கட்டை இல்லாமல் இரண்டே இழுப்பு. வேறு ரேகையோடு ஒரு திட்டு தெரிய ஆரம்பித்தால் அடியிலுள்ள பிளைவுட் எட்டிப் பார்க்கிறது, உடனே நிறுத்துங்கள்.

பூந்தொட்டி வைத்த கறுப்பு வளையம் இருந்தால் அது இரும்பும் மரத்தின் டானினும் சேர்ந்த கறை. உப்புத்தாளுக்குப் போகாது. ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்து, கறையில் மட்டும் அல்லாமல் அந்தப் பக்கம் முழுவதும் மெல்லிசாகத் தடவினால் வெளுப்பு சமமாக இருக்கும். சில நிமிடங்களில் ஈரப்பஞ்சால் இரண்டு முறை துடைத்தெடுத்து ஒரு நாள் காயவிடுங்கள். அது விஷம், கையுறை வேண்டும். சரியாகத் துடைக்காமல் தேய்த்தால் எழும் தூசு தொண்டையைப் பிடிக்கும்.

நிறத்தைத் திரும்பக் கட்டுவது

வால்நட், மஹோகனி இரண்டும் திறந்த நுண்துளை மரங்கள். துளையை அடைக்காமல் லாக்கர் அடித்தால் அன்றைக்குப் பளபளக்கும், ஒரு மாதத்தில் பூச்சு உள்ளே இறங்கி ஊசி குத்தியதுபோல ஆகிவிடும். முதலில் மரப்பரப்பை மூடும் சீலர், நீர்க்க ஒரு பூச்சு. அது காய்ந்ததும், மரத்தைவிடக் கொஞ்சம் கருத்த, துளை அடைக்கும் கிரெய்ன் ஃபில்லரைத் தூரிகையால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்து உள்ளே தள்ளுங்கள். பளபளப்புப் போய் மங்கியதும், பத்துப் பதினைந்து நிமிடத்தில், சாக்குத்துணியால் ரேகைக்குக் குறுக்கே வழித்தெடுங்கள். ரேகையோடு துடைத்தால் துளைக்குள் இருப்பதும் வந்துவிடும். தாமதித்தால் கல்லாகிவிடும், டர்பன்டைன் நனைத்துத்தான் இளக்க வேண்டும். எண்ணெய் வகை ஃபில்லரை இரண்டு நாளாவது காயவிடுங்கள். மேலே இரண்டு பூச்சு சீலர், 320 தாளால் லேசான வருடல்.

இனி டோனர். தெளிவான லாக்கர் ஒரு பங்கு, தின்னர் மூன்று பங்கு, அதில் லாக்கரில் கரையும் சாயம் சில சொட்டு. மரத்தில் நேரடியாக ஸ்டெயின் தடவினால் வெளுத்த தூண் ஒரு நிறம், வால்நட் முகப்பு ஒரு நிறம் என்று பிரிந்து நிற்கும்; டோனர் மரத்தைத் தொடாமல் மேலே ஒரு வண்ணக் கண்ணாடிபோல உட்காருவதால் இரண்டையும் சேர்த்துவைக்கும். ஸ்பிரே கன்னை 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் பிடித்து, பெட்டிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்டுங்கள். ஒவ்வோர் ஓட்டமும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நிறம் ஏற்ற வேண்டும். ஒரே ஓட்டத்தில் நிறம் வந்துவிட்டால் சாயம் அதிகம், வரிவரியாக விழும். முதலில் முகப்பை மறைத்துத் தூண்களையும் சட்டங்களையும் மட்டும் இரண்டு மூன்று ஓட்டம் கருக்கிவிட்டு, பிறகு மறைப்பை எடுத்து முழுப் பெட்டிக்கும் அடியுங்கள்.

காய்ந்த டோனர் மங்கி, வெளிறித் தெரியும். அதை நம்பி இன்னும் இரண்டு ஓட்டம் அடித்தால், தெளிவான லாக்கர் ஏறியதும் பெட்டி கரியாகிவிடும். நன்றாகக் காய்ந்த இடத்தில் டர்பன்டைன் நனைத்த துணியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்; அந்த ஈரத்தில் தெரிவதுதான் கடைசி நிறம், சில நிமிடத்தில் ஆவியாகிவிடும். எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிட்டு, ஒரு சாயல் குறைவாக இருக்கும்போதே நிறுத்திக்கொள்ளுங்கள்.

லாக்கர்

தின்னரோடு சமபங்கு கலந்து நான்கிலிருந்து ஆறு பூச்சு, அரை மணி முதல் முக்கால் மணி இடைவெளி, ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் இல்லை. ஒவ்வொரு பூச்சும் முந்தையதை உருக்கிக்கொண்டு ஒன்றாகிவிடும். கீறல் விழுந்தால் பிற்காலத்தில் ஒட்டுப்போட முடிவதும் இதனால்தான். பாலியூரிதேனில் அது நடக்காது, பார்வைக்கும் பிளாஸ்டிக் உறை போட்டதுபோல நிற்கும்.

பால்போல வெண்படலம் படர்ந்தால் காற்றில் ஈரம் அதிகம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. வறண்ட நாளில் ரிடார்டர் கலந்து மெல்லிய பூச்சு அடித்தால் தெளிந்துவிடும். சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள் விழுந்தால் பழைய பாலிஷின் சிலிக்கான் மிச்சம் இருக்கிறது. துடைத்தெடுத்து, மெழுகு நீக்கிய அவலரக்கை ஒரு பூச்சுக் கொடுத்துத் தொடருங்கள். ஆரஞ்சுத் தோல் மாதிரி வந்தால் லாக்கர் கெட்டி, அல்லது கன் தூரத்தில் இருக்கிறது.

கம்பெனி முத்திரையின் புது ஒட்டுப்படத்தை மூன்றாவது பூச்சுக்கு மேல் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, பனிபோல இரண்டு தூவல் தூவிய பிறகே முழுப் பூச்சு. நேரே நனைய அடித்தால் சுருண்டுவிடும். அடுப்பு, சுவிட்ச் தீப்பொறி எதுவும் அருகில் கூடாது. தூசு முகமூடி தின்னர் ஆவியைத் தடுக்காது, கரிம ஆவிக்கான குப்பி பொருத்திய மாஸ்க் வேண்டும்.

ஸ்பிரே வசதி இல்லாதவர்கள் அவலரக்கோடு போகலாம். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம், ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, பஞ்சை உள்ளே வைத்துக் கட்டிய துணி உருண்டையால் மெல்ல மெல்ல ஏற்றுவது. கரைத்து ஆறு மாதம் தாண்டியிருந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

தேய்த்து முடிப்பதும் பூட்டுவதும்

லாக்கர் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே காய மூன்று வாரம் ஆகும். மூக்கை வைத்துப் பாருங்கள். தின்னர் வாடை இருக்கும்வரை தேய்க்க வேண்டாம். பிறகு சோப்புத் தண்ணீரில் 800, 1200 தாள், விளிம்புகளை விட்டுவிட்டு. பளபளப்பு வேண்டுமென்றால் ரப்பிங் காம்பவுண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே மங்கலாக இருந்த பெட்டிக்கு 0000 என்ற மிக நுண்ணிய ஸ்டீல் வுல்லில் (இரும்பு நார்) மெழுகு. ஸ்டீல் வுல் தூளை ஸ்பீக்கர் இருக்கும் அறைக்கே கொண்டுபோகாதீர்கள், காந்தம் இழுத்து, ஸ்பீக்கருக்குள் அசையும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலின் இடுக்கில் உட்காரும்.

ஸ்பீக்கர் துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். காற்று தாராளமாகப் போனால்தான் அது ஸ்பீக்கர் துணி. பலகையின் ஓரத்தில் மட்டும் பசை, இழைக்கோடு செங்குத்தாக. சேஸிஸ் அடியிலுள்ள ரப்பர் மெத்தைகள் இறுகியிருந்தால் மாற்றுங்கள். குமிழ்களுக்குப் பின்னால் ஃபெல்ட் வளையம் போட்டால் புது லாக்கரில் வட்டத் தழும்பு விழாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி-டிசி செட்களில் சேஸிஸே மின் இணைப்போடு நேராகச் சேர்ந்திருக்கும். அவற்றில் அடிப்பக்க போல்ட்டுகளுக்கு இன்சுலேஷன் வாஷர், பின்பக்கத்துக்கு மூடி அட்டை, குமிழ்களின் மறைதிருகுக் குழிக்கு ஒரு சொட்டு உருக்கிய மெழுகு. இவை மூன்றும் போட்ட பிறகே பிளக்கைச் செருகுங்கள்.