தொழிலுக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்: முதல் ஷீட்டை ஒழுங்காகப் போடுவது எப்படி

பில் புத்தகம் ஒரு பக்கம், போனில் குறித்துவைத்த பாக்கி இன்னொரு பக்கம், மீதி எல்லாம் மனக்கணக்கு. சொந்தமாகத் தொழில் செய்கிற பலரும் முதல் வருடத்தை இப்படித்தான் ஓட்டுகிறோம், நானும் அப்படித்தான் ஓட்டினேன். வாடிக்கையாளர்கள் பத்துப் பேராக இருக்கும்வரை எதுவும் தெரியாது. ஐம்பது பேர் ஆனதும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு மாலை முழுக்க உட்கார வேண்டியிருக்கும். அந்தப் பதில் சில விநாடிகளில் கிடைக்கிற மாதிரி, வரிசையும் நெடுவரிசையுமாகக் கட்டம் கட்டிய ஒரு ஸ்ப்ரெட்ஷீட் ஃபைல் போடுவோம்.

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரேஆபிஸ் கால்க், எது கையில் இருந்தாலும் சரி. இரண்டு பேர் வேறு வேறு இடத்திலிருந்து எழுதுவீர்கள் என்றால் கூகுள் ஷீட்ஸ் வசதி. ஒருவர் மட்டும், அதுவும் இணையம் அடிக்கடி அறுந்துபோகிற இடத்தில் என்றால் மற்ற இரண்டில் ஒன்று. இந்தத் தேர்வுக்கு இதற்குமேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

படி 1: கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் கேள்விகளை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் தொழிலைப் பற்றி நீங்கள் அடிக்கடி தேடுகிற மூன்று நான்கு கேள்விகளை எழுதுங்கள். யார் பாக்கி? போன மாதம் எது அதிகம் விற்றது? எதில் செலவு ஏறிக்கொண்டே போகிறது? உங்கள் ஷீட்டில் என்னென்ன தலைப்புகள் வேண்டும் என்பதை இந்தக் கேள்விகள்தான் முடிவு செய்ய வேண்டும். பதிலுக்கு உதவாத தலைப்பை வைக்காதீர்கள். தினமும் பதினெட்டுக் கட்டங்களை நிரப்பச் சொல்லும் ஷீட்டை இரண்டாவது வாரமே மூடிவைத்துவிடுவோம், எட்டுக் கட்டங்கள் என்றால் தொடர்ந்து எழுதுவோம்.

படி 2: ஒரு சம்பவம், ஒரு வரிசை

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் இதிலிருந்தே வரும். ஒரு விற்பனை நடந்தால் ஒரு வரிசை. ஒரு செலவு செய்தால் ஒரு வரிசை. ஒரு பணம் கைக்கு வந்தால் ஒரு வரிசை.

புதிதாகத் தொடங்குபவர்கள் என்ன செய்வார்கள் என்றால், ஜனவரிக்கு ஒரு ஷீட், பிப்ரவரிக்கு ஒரு ஷீட், பெரிய வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஷீட், நடுநடுவே மொத்தம் போட்டு அதற்கு மஞ்சள் நிறம், மேலே மூன்று கட்டங்களை ஒட்டிச் சேர்த்துப் பெரிய எழுத்தில் தொழிலின் பெயர் என்று அடுக்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் "இந்த வருடம் முழுக்க இந்த ஒருவர் எவ்வளவு வாங்கினார்" என்று கேட்டால் பன்னிரண்டு ஷீட்டைத் திறந்து கையால் கூட்ட வேண்டும். நோட்டுப் புத்தகத்திலும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

அதனால் எல்லா மாதத்துக்கும் சேர்த்து "விற்பனை" என்று ஒரே ஒரு ஷீட். மாதம் வேண்டுமென்றால் பின்னால் ஃபில்டர் (வேண்டிய வரிசைகளை மட்டும் காட்டும் வசதி) போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். முதல் வரிசையில் தலைப்புகள்: பில் எண், தேதி, வாடிக்கையாளர், பொருள் அல்லது சேவை, அளவு, விலை, தொகை, கெடு தேதி. ஒரு பில்லில் மூன்று பொருட்கள் இருந்தால் மூன்று வரிசைகள் வரும், அப்போது பாக்கியைப் பில் வாரியாகப் பார்ப்பது கொஞ்சம் சிக்கலாகும். ஆகவே தொடக்கத்தில் பில்லுக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள், பொருள் விவரம் கட்டாயம் வேண்டும் என்றால் அதற்கு வேறொரு ஷீட் போட்டு அதிலும் பில் எண்ணை எழுதுங்கள். பில் எண்ணை 1001 என்று தொடங்குவது நல்லது. 001 என்று அடித்தால் முன்னால் இருக்கும் சுழியங்களை ஷீட் விழுங்கிவிடும்.

கூடவே மூன்று தடைகள். தரவுக்கு நடுவே காலி வரிசை விடாதீர்கள், ஃபில்டரும் தானாகக் கூட்டும் வசதியும் அந்த இடத்திலேயே நின்றுவிடலாம். கட்டங்களை ஒட்டிச் சேர்க்காதீர்கள், வரிசைப்படுத்தும்போது தகராறு வரும். நடுவில் மொத்தம் போடாதீர்கள், நெடுவரிசை முழுவதையும் கூட்டும்போது அந்தத் தொகை இரண்டு முறை ஏறிவிடும்.

தலைப்பு வரிசை மேலேயே நிற்க "வியூ" மெனுவில் "ஃப்ரீஸ்" இருக்கிறது. எக்செலில் இன்னொன்றும் செய்யுங்கள்: தரவுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்றுகொண்டு "இன்சர்ட்" மெனுவில் "டேபிள்" கொடுங்கள். அதற்குப் பிறகு புது வரிசை சேர்க்கும்போதெல்லாம் ஃபார்முலாவும் (கட்டத்தில் எழுதிவைக்கும் கணக்கு) ஃபில்டரும் தாமாகவே கீழே நீளும்.

படி 3: தேதியும் எண்ணும்

தேதியில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 3/4 என்று அடித்தால் அது ஏப்ரல் 3 ஆ மார்ச் 4 ஆ என்பதை உங்கள் கணினியின் அல்லது ஃபைலின் நாட்டு அமைப்பு முடிவு செய்கிறது, நீங்கள் நினைத்தது எதுவாக இருந்தாலும். ஷீட்டுக்குள் தேதி என்பது உண்மையில் ஓர் எண். 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து எக்செல் நாட்களை எண்ணுகிறது. 2024 ஜனவரி 1 என்று நாம் பார்ப்பது அதற்கு 45292. அதனால்தான் இரண்டு தேதிகளைக் கழித்தால் எத்தனை நாள் தாமதம் என்று கிடைக்கிறது. ஆனால் 15.03.24 என்று புள்ளி வைத்து எழுதினால் பல கணினிகளில் அது தேதியாகப் பதிவாகாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும், அதைக் கழிக்கவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது.

கண்டுபிடிப்பது எளிது. நீங்கள் இடம் வலம் எதையும் மாற்றாதவரை, உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப்போனது இடப்பக்கம் நிற்கும். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2025-03-15 மாதிரி எழுதப் பழகுங்கள், அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. இன்றைய தேதி வேண்டுமென்றால் கன்ட்ரோலையும் அரைப்புள்ளியையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

அளவு, தொகைக் கட்டங்களில் எண் மட்டும் இருக்கட்டும். "12 பெட்டி" என்று அடித்தால் அது எழுத்து, கூட்டலில் சேராது, சேரவில்லை என்று உங்களிடம் சொல்லவும் செய்யாது. பெட்டி, மீட்டர் எல்லாம் பக்கத்தில் தனி நெடுவரிசையில் போகட்டும். போன் எண்ணுக்கும் கணக்கு எண்ணுக்கும் எதிர் வழி: அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முன்னால் இருக்கும் சுழியம் போய்விடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்வரைதான் சரியாக வைத்திருக்கும், 16 இலக்கக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும்.

படி 4: பெயர்களைத் தட்டச்சு செய்யாதீர்கள், தேர்ந்தெடுங்கள்

ஒரே ஆளை ஒரு நாள் இனிஷியலோடு, ஒரு நாள் இல்லாமல், ஒரு நாள் பின்னால் ஒரு இடைவெளியோடு எழுதினால் ஷீட்டுக்கு அவர் மூன்று பேர். பாக்கி மூன்றாகப் பிரியும், நாம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று விட்டுவிடுவோம். எனக்கு இப்படி ஒரு பில் நான்கு மாதம் கண்ணில் படாமலேயே கிடந்தது.

"ஆட்கள்" என்று இன்னொரு ஷீட் போட்டு வாடிக்கையாளர் பெயர்களை ஒருமுறை மட்டும் எழுதுங்கள், பக்கத்தில் போன் எண். பிறகு விற்பனை ஷீட்டில் வாடிக்கையாளர் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, "டேட்டா" மெனுவில் "டேட்டா வேலிடேஷன்" போய், பட்டியலுக்கான இடமாக அந்தப் பெயர்களைக் காட்டுங்கள். லிப்ரேஆபிஸில் இதற்கு "வேலிடிட்டி" என்று பெயர். இனி கட்டத்தில் சிறிய அம்புக்குறி வரும், அதிலிருந்து பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். செலவு வகைகளுக்கும் இதே வழிதான். வகைகளை ஏழு எட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், "இதர" என்று ஒன்று இருக்கலாம், ஆனால் அது பெருத்துக்கொண்டே போனால் உள்ளே ஒளிந்திருக்கும் வகையை வெளியே எடுக்க வேண்டும்.

படி 5: பாக்கி

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். விற்பனை ஷீட்டிலேயே "பணம் வந்ததா: ஆம், இல்லை" என்று வைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. பாதிப் பணம் இன்று தந்து மீதியை அடுத்த வாரம் தருகிற ஆளை ஆம், இல்லை என்று எப்படி எழுதுவது? அதனால் "வரவு" என்று தனி ஷீட். தலைப்புகள்: தேதி, பில் எண், தொகை, எப்படி வந்தது (பணமா, வங்கியா). ஒருவர் இரண்டு பில்லுக்குச் சேர்த்து ஒரே தொகையாகத் தந்தால் அதை இரண்டு வரிசையாகப் பிரித்து எழுதுங்கள்.

இப்போது விற்பனை ஷீட்டில் "வந்தது" என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அதன் முதல் கட்டத்தில் சமக்குறி போட்டு சம்இஃப் (SUMIF) என்ற ஃபார்முலாவை ஆங்கிலத்தில் அடியுங்கள், இரண்டு மூன்று எழுத்து அடித்ததுமே பட்டியலில் காட்டும். அது மூன்று விஷயங்களை வரிசையாகக் கேட்கும். முதலில் எங்கே தேட வேண்டும்: வரவு ஷீட்டின் பில் எண் நெடுவரிசை. இரண்டாவது எதைத் தேட வேண்டும்: இந்த வரிசையில் இருக்கிற பில் எண். மூன்றாவது எதைக் கூட்ட வேண்டும்: வரவு ஷீட்டின் தொகை நெடுவரிசை. ஒன்றுக்கும் மூன்றுக்கும் நெடுவரிசையின் தலையில் இருக்கும் ஆங்கில எழுத்தையே சொடுக்கி முழு நெடுவரிசையையும் தேர்ந்தெடுங்கள், நாளை சேர்க்கிற வரவும் தானாகக் கணக்கில் வந்துவிடும்.

பக்கத்தில் "பாக்கி": தொகையிலிருந்து வந்ததைக் கழித்தால் போதும். அதற்கும் பக்கத்தில் "தாமதம்": டுடே (TODAY) என்ற ஃபார்முலா இன்றைய தேதியைத் தரும், அதிலிருந்து கெடு தேதியைக் கழியுங்கள். எண் சுழியத்தைவிட அதிகமாக இருந்தால் கெடு தாண்டிவிட்டது, முன்னால் கழித்தல் குறி இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. இப்போது ஃபில்டரில் பாக்கி சுழியத்தைவிட அதிகம் என்று வைத்து, தாமதத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால், இன்று யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும் என்ற பட்டியல் கையில்.

பாக்கியை எந்தக் காரணத்துக்காகவும் கையால் அடித்துத் திருத்தாதீர்கள். தள்ளுபடி கொடுத்தீர்களா? வரவு ஷீட்டில் "தள்ளுபடி" என்று ஒரு வரிசை போடுங்கள். ஸ்ப்ரெட்ஷீட் பிறந்ததே இப்படிக் கையால் திருத்துவதைத் தவிர்க்கத்தான். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், பேராசிரியர் கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றியதும் அதைத் தொட்டு வந்த மற்ற எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருந்ததைப் பார்த்துத்தான் இதை யோசித்தார். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் என்ற ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருள் 1979இல் வெளிவந்தது. ஒன்றை மாற்றினால் மற்றது மாற வேண்டும். ஃபார்முலா இருக்கும் கட்டத்தில் எண்ணை அடித்துவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

படி 6: பிவட் டேபிள்

தரவை வகை வாரியாகக் கூட்டித் தரும் சுருக்க அட்டவணைதான் இது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஃபார்முலாவைவிட இது சுலபம். விற்பனைத் தரவைத் தேர்ந்தெடுத்து "இன்சர்ட்" மெனுவில் "பிவட் டேபிள்" கொடுங்கள். வரிசைக்கு வாடிக்கையாளர், மதிப்புக்குத் தொகை என்று இழுத்துவிட்டால் ஆள் வாரியாக மொத்தம் வந்துவிடும். வாடிக்கையாளருக்குப் பதில் தேதியை இழுத்து மாதமாகச் சேர்த்தால் மாத விற்பனை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: எக்செலில் புதிதாக எழுதியது பிவட்டில் தெரியாவிட்டால் "ரிஃப்ரெஷ்" அழுத்த வேண்டும், கூகுள் ஷீட்ஸில் அது தானாகவே நடக்கும்.

படி 7: வாரம் ஒரு நாள் சரிபார்ப்பு

ஷீட் தப்பு செய்யும்போது சத்தம் போடாது. 2020இல் இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியான கிட்டத்தட்ட 16,000 பேரின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டது. காரணம், 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் ஃபைல் வகையில் தரவை ஏற்றியதுதான். இன்றைய எக்செலில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசைகள் உண்டு, நமக்கு அந்த எல்லை வராது. ஆனால் சத்தமில்லாமல் விடுபடுவது நம் ஃபைலிலும் நடக்கும், பில் எண்ணை 1042க்குப் பதில் 1024 என்று அடித்தாலே போதும்.

அதனால் வாரம் ஒரு நாள், ஏதாவது ஒரு நேரத்தை ஒதுக்கி, வரவு ஷீட்டில் "வங்கி" என்று ஃபில்டர் போட்டு, அந்த வாரத் தேதிகளுக்கு வரும் மொத்தத்தை வங்கிக் கணக்கில் அந்த வாரம் வந்த தொகையோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் அன்றே தேடுங்கள். ஒரு வார வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் போதும், ஆறு மாத வித்தியாசத்தைத் தேடி உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பாக்கி எங்காவது கழித்தல் குறியோடு நின்றால் அதையும் பாருங்கள். அவர் கூடுதலாகத் தந்திருக்கலாம், அல்லது வேறொருவர் தந்த பணம் இவர் பில்லில் ஏறியிருக்கலாம்.

அதே நாளில் ஃபைலுக்குத் தேதி போட்ட ஒரு நகலை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் "வெர்ஷன் ஹிஸ்டரி" பழைய நிலையைக் காட்டும் என்றாலும், கணக்கே திறக்காமல் போனால் அது உதவாது.

இன்று செய்ய வேண்டியது: பழைய பில்களில் பத்தை எடுத்து விற்பனை ஷீட்டில் எழுதுங்கள், அதில் பாதிப் பணம் மட்டும் வந்த பில் ஒன்றாவது இருக்கட்டும். வரவையும் எழுதிவிட்டு, பாக்கியைத் தாளில் தனியாகப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நாளை காலை முதல் பில்லிலிருந்து நேராக இதிலேயே எழுதலாம். ஒத்துப்போகாவிட்டால் சம்இஃப் கேட்ட அந்த மூன்றில் எதையோ இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள், அங்கே முதலில் பாருங்கள்.